பதவி உயர்வோடு வரும் பிரிவு: ஒரே கம்பெனியில் காதலிக்கும் இரு ஆண்கள்

ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் காதலித்தால், அந்தச் செய்தி கேண்டீனில் சில மாதம் ஓடும்; மேனேஜர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்துப் புத்தி சொல்வார்; சாதியும் சாதகமும் பொருந்தவில்லை என்று இரண்டு வீட்டிலும் முறுக்கிக்கொள்வார்கள். இத்தனைக்கும் பிறகு கல்யாணப் பத்திரிகை அறிவிப்புப் பலகையில் ஏறிவிட்டால், அதுவரை வம்பாக இருந்த விஷயம் மொய் வசூலிக்கும் காரியமாகிவிடும். அதன் பின் அவர்களுக்கு ஒரே ஷிஃப்ட் போடுவதா வேண்டாமா என்பதை அலுவலகம் வெளிப்படையாகப் பேசும். ஒருவருக்கு மாற்றல் வந்தால் மற்றவருக்கும் அங்கே இடம் இருக்கிறதா என்று யாராவது கேட்பார்கள். ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தால் மற்றவர் லீவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இரு ஆண்களின் காதலுக்கு அந்தப் பத்திரிகை கிடையாது. அதனால் அது எத்தனை ஆண்டு நீடித்தாலும் அலுவலகத்தின் கணக்கில் தொடங்காத உறவாகவே இருக்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதா, மறைப்பதா என்ற கேள்வியைச் சுற்றியே நின்றுவிடுகிறார்கள். என் பார்வையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இருவரையும் ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைத்தது வேலை; அதே வேலையில் ஒருவர் மேலே ஏறும்போது அந்த ஏற்றமே இருவரையும் பிரிக்கும் கருவியாவது எப்படி? கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவிலுள்ள தொழிற்பகுதியை வைத்துப் பார்த்தால் இதற்கு விடை தெளிவாகவே கிடைக்கிறது.

கோவையிலிருந்து பாலக்காடு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மதுக்கரை, எட்டிமடை, க.க.சாவடி கடந்து வாளையாறில் தமிழ்நாடு முடிகிறது. சற்றுத் தள்ளி தேசிய நெடுஞ்சாலை 544ஐ ஒட்டிக் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை. இரும்பு உருக்கும் ஆலைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் சிறு பொறியியல் பட்டறைகளும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பக்கத்திலேயே பாலக்காடு ஐஐடியும் வந்துவிட்டது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கோடு போட்டது நிலத்தில்தான். சித்தூர் வட்டத்திலும் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கங்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்கள். அவர்களின் பிள்ளைகளும், பொள்ளாச்சி, கிணத்துக்கடவு பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்து வந்தவர்களும், இன்னும் தெற்கேயிருந்து வேலை தேடி வந்தவர்களும் இந்த ஆலைகளில் கலந்து நிற்கிறார்கள்.

இப்படி வந்து சேரும் இளைஞர்களுக்கு ரூம் எடுத்துத் தங்குவது இயல்பான ஏற்பாடு. இரு ஆண்கள் ஓர் அறையை வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் அட்வான்ஸ் எவ்வளவு தருவீர்கள் என்றும், தண்ணி அடிப்பீர்களா என்றும், அசைவம் சமைப்பீர்களா என்றும் கேட்பார். வேறு எதையும் கேட்கமாட்டார். ஓர் ஆணும் பெண்ணும் கேட்டால் கிடைக்காத அறை இவர்களுக்குக் கிடைக்கிறது. ஒரே பைக்கில் டியூட்டிக்கு வரலாம், ஒரே டிபன் கேரியரில் சாப்பிடலாம், பழனிக்குப் பாதயாத்திரை சேர்ந்து போகலாம். ஆணும் ஆணும் நெருங்கிப் பழகுவதில் தவறு பார்க்காத ஒரு பண்பாடு இவர்களுக்கு ஒரு திரையை இலவசமாகத் தருகிறது. பெருநகர அனுபவத்தை மட்டும் வைத்து எழுதுகிறவர்கள் இந்தச் சலுகையைக் கவனிப்பதில்லை. சிற்றூரில் எல்லாமே இருட்டு என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தத் திரைக்கு வயது வரம்பு உண்டு. இருபத்தாறு வயதில் ரூம்மேட்டாக இருப்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முப்பத்து மூன்றிலும் அதே ரூம்மேட்டோடு இருந்தால் ஊரே கணக்குப் போடத் தொடங்கும். அதற்கு முன்பே வீட்டிலிருந்து போன் வரும். "கண்ணு, சாதகம் ஒண்ணு பொருந்தி வந்திருக்குது, ஞாயித்துக்கிழமை லீவு போட்டுட்டு வந்துரு" என்று அம்மா சொல்வதற்கு, கம்பெனியில் ஆடிட் நடக்கிறது, புரொடக்ஷன் டார்கெட் முடியவில்லை, நைட் ஷிஃப்ட் மாறவில்லை என்று மகன் பதில் சொல்வான். வேலையைக் காட்டித்தான் பெண் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியும். இந்த ஆண்களில் பலர் அலுவலகத்தில் அளவுக்கு மீறி உழைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஓவர்டைம் அவர்களுக்குக் கூலி மட்டுமல்லாமல் ஒரு சாக்காகவும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், அப்படி உழைப்பவரைத்தான் நிர்வாகம் பதவி உயர்வுக்குத் தேர்ந்தெடுக்கும்.

பல ஆலைகள் கொண்ட நிறுவனங்களில் பதவி உயர்வு பெரும்பாலும் மாற்றல் உத்தரவோடு சேர்ந்துதான் வரும். ஷிஃப்ட் இன்சார்ஜாக இருப்பவர் அசிஸ்டெண்ட் மேனேஜர் ஆக வேண்டுமென்றால் ஒசூருக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ, புனேவுக்கோ போக வேண்டியிருக்கும். அப்ரைசல் அறையில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மேசையின் அந்தப் பக்கம் பிளாண்ட் ஹெட்டும் ஹெச்.ஆர். அதிகாரியும் இருப்பார்கள். படிவத்தில் வெளியூர் செல்லச் சம்மதமா என்று ஒரு கட்டம் இருக்கும். மனைவி வேலையில் இருக்கிறாள், குழந்தைக்கு ஸ்கூல் அட்மிஷன் ஆகிவிட்டது என்று திருமணமானவர் சொன்னால் அது குடும்பச் சூழ்நிலை. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கட்டம் காலியாக விடப்படும். திருமணமாகாதவர் தயங்கினால் அதற்குப் பெயர் ஈடுபாடு இல்லை என்பது. "உனக்கென்னப்பா, ஒத்த ஆளு, ஒரு பேக்கத் தூக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே" என்பார்கள். அந்த ஒற்றை ஆள் மூன்று ஆண்டுகளாக ஒருவரோடு குடும்பம் நடத்துவது அந்த மேசையில் இருக்கும் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லும் காரணம் பொய்யாகத்தான் இருக்க முடியும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பார். பொய்க்காரணத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க முடியாது என்பதால் இரண்டாவது முறை சம்மதித்துவிடுவார், அல்லது வேலையில் வளராத ஆள் என்று பெயர் வாங்குவார்.

மத்திய அரசு ஊழியர்களில் கணவன், மனைவி இருவரையும் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று பணியாளர் துறை 2009 செப்டம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல் இருக்கிறது. பிள்ளைகளின் வளர்ப்பையும் குடும்ப நலனையும் முன்னிட்டு எழுதப்பட்ட நல்ல விதி அது. தனியார் கம்பெனிகள் எழுதிவைக்காவிட்டாலும் ஓரளவு அதே மனப்போக்கில் நடந்துகொள்கின்றன. இந்த விதிக்குள் நுழைய ஒரே கதவு திருமணம். உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 அக்டோபர் 17 அன்று, தன்பாலின இணையருக்குத் திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை இல்லை என்றும் அதைத் தீர்மானிக்க வேண்டியவை சட்டம் இயற்றும் மன்றங்களே என்றும் கூறியது. மறு ஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. சிறப்புத் திருமணச் சட்டத்தை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தில் ஓர் ஆண் இணையர் 2020இலேயே வழக்குத் தொடுத்திருந்தனர் என்பதும் நினைவில் இருக்கட்டும். அந்த வழியும் அதே இடத்தில்தான் வந்து முட்டியது.

காதலர்களில் ஒருவர் மற்றவருக்கு மேலதிகாரியாக இருக்கும் நிலையைப் பற்றி இனிப் பேச வேண்டும். காதலை ஆதரித்து எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். இந்தியாவில் ஒரே நிறுவனத்தின் ஊழியர்கள் காதலிப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. பெரிய நிறுவனங்களின் நடத்தை விதிகள் கேட்பதெல்லாம், ஒருவரின் சம்பள உயர்வை மற்றவர் தீர்மானிக்கும் நிலை வந்தால் அதை நிர்வாகத்திடம் தெரிவித்து, யாருக்குக் கீழ் யார் என்பதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான். ஆணும் பெண்ணுமான இணைக்கு இந்த விதி கொஞ்சம் சங்கடம் தரும். இரு ஆண்களுக்கோ, ஒழுங்காக நடப்பதற்கான விலையாகத் தங்களைப் பற்றிய முழு உண்மையையும் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே பெரும்பாலோர் சொல்வதில்லை. சொல்லாமல் இருக்கும்போது மேலதிகாரியான காதலன் தன் ஆளுக்கு அதிக மதிப்பெண் போட்டால் மற்ற ஊழியர்களுக்கு அநியாயம். சந்தேகம் வரக்கூடாது என்று குறைத்துப் போட்டால் காதலனுக்கு அநியாயம். இரண்டாவதுதான் அதிகம் நடக்கக்கூடியது. வீட்டில் அதற்கான சண்டை, இன்கிரிமெண்ட் கடிதம் வந்த இரவு நடக்கும்.

இதைவிடக் கடுமையான நிலை நிரந்தர ஊழியருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இடையிலானது. ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் மட்டும் பெயருள்ள ஒருவரை நாளை முதல் வர வேண்டாம் என்று சொல்ல ஒரு சூப்பர்வைசருக்கு ஒரு போன் போதும். அப்படிப்பட்ட அதிகாரம் கையில் இருப்பவர் நேசத்தைச் சொன்னால், கேட்பவரின் சம்மதத்தில் எவ்வளவு பங்கு நேசம், எவ்வளவு பங்கு வேலை பற்றிய அச்சம் என்பதைச் சொன்னவரால் அறிய முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களின் புகாரை மட்டுமே ஏற்கிறது. ஆண்களின் புகாரையும் விசாரிக்கும்படி தம் உள்விதிகளை விரித்துக்கொண்ட நிறுவனங்கள் சில உண்டு. அப்படி இல்லாத இடத்தில் மறுக்க விரும்பும் இளைஞன் புகார் கொடுக்கக் குழுவே கிடையாது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சுருக்கியபோது, சம்மதமில்லாத செயல்களுக்கு அது தொடர்ந்து பொருந்தும் என்று விட்டுவைத்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இடம்பெறவில்லை. வளர்ந்த ஆண் மீதான பாலியல் வன்முறைக்கென்று தனிப் பிரிவு இப்போது இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்த வெற்றிடத்தைப் பற்றி முடிவெடுக்கும்படி மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. ஆகையால் கீழே இருப்பவரைக் காக்கும் பொறுப்பு இங்கே சட்டத்தைவிட மேலே இருப்பவரின் நடத்தையையே அதிகம் நம்பி நிற்கிறது. அவர் செய்யக்கூடிய நேர்மையான காரியம், உறவைத் தொடங்கும் முன் அந்த ஆளைத் தன் பொறுப்பிலிருந்து வேறு செக்ஷனுக்கு மாற்றுவதுதான். இதற்கு யாரிடமும் எதையும் அறிவிக்கத் தேவையில்லை.

வேலை போய்விடுமா என்ற அச்சத்துக்கு வருவோம். அது கற்பனை அச்சம் இல்லை என்பதற்குப் பொது ஆவணத்தில் உள்ள வழக்குகளே சான்று. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் ராமச்சந்திர சிராஸ், தன் வீட்டுக்குள் மற்றோர் ஆணோடு இருந்ததைச் சிலர் புகுந்து படம்பிடித்ததன் பேரில் 2010 பிப்ரவரியில் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஏப்ரல் தொடக்கத்தில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. சில நாட்களுக்குள் அவர் தன் வீட்டில் இறந்து கிடந்தார். ஏறத்தாழ பத்தாண்டு கழித்து, அதே உத்தரப் பிரதேசத்தில் ஊர்க்காவல் படை வீரர் ஒருவர், தன் ஆண் துணையோடு நெருக்கமாக இருந்த காணொளி பரவியதற்காகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2021 பிப்ரவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து அவரை மீண்டும் சேர்க்கச் சொன்னது. 2018 தீர்ப்புக்கு அது முரணானது என்றது. இரண்டு வழக்கிலும் வேலை கொடுத்தது அரசு அல்லது அரசு சார்ந்த நிறுவனம் என்பதைக் கவனிக்க வேண்டும். சமத்துவத்தையும் அந்தரங்கத்தையும் காக்கும் அரசமைப்புச் சட்டப் பிரிவுகளைப் பெரும்பாலும் அரசுக்கு எதிராகத்தான் நீட்ட முடியும். கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு தனியார் ஆலையின் முதலாளிக்கு எதிராக நீட்டுவது எளிதன்று. திருநருக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் வேலையிலும் பாகுபாட்டைத் தடை செய்கிறது. தன்பாலீர்ப்புள்ள ஓர் ஆணுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

இதில் இன்னொரு முரண் உண்டு. தொழிலாளி என்ற நிலையில் இருக்கும்வரை ஒருவரை விசாரணையின்றி நீக்கினால் அவர் அதைத் தொழில் தகராறாக எழுப்பி வழக்காடலாம். நிலையாணைகள் எனப்படும் ஆலையின் பணி விதிகளில் ஒழுங்குக்கு ஊறு செய்யும் செயல் என்ற அகலமான குற்றச்சாட்டு இருந்தாலும், அதை நிரூபிக்க உள்விசாரணை வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், சங்கத்துக்காரர் ஒருவர் துணைக்கு வரலாம். நிர்வாகப் பொறுப்புக்கு உயர்ந்தவர் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே போய்விடுகிறார். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் நிர்வாகப் பணியில் உள்ளவரும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் தொழிலாளியாகக் கருதப்படுவதில்லை. நோட்டீஸ் காலச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம். காரணம் எழுத வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆக, ஏணியில் ஏற ஏற சம்பளம் கூடுகிறது, கையிலிருந்த கேடயம் நழுவுகிறது. டர்னராகவோ ஃபிட்டராகவோ இருக்கும் காதலனைவிட டெபுடி மேனேஜராக இருக்கும் காதலன் அதிகம் அஞ்சுவதைக் கோழைத்தனம் என்று சொல்லிவிட முடியாது. உச்சியில் இருப்பவருக்கும் இது விலக்கில்லை: மூத்த வழக்கறிஞர் சௌரப் கிர்பாலை டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதியாக்க நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான உச்ச நீதிமன்றக் கொலீஜியம் 2021 நவம்பரில் பரிந்துரைத்தது. அவருடைய ஆண் துணை சுவிட்சர்லாந்துக் குடிமகன் என்பதும், அவர் தம்மைப் பற்றி வெளிப்படையாக இருப்பதும் ஆட்சேபங்களாயின. 2023 ஜனவரியில் கொலீஜியம் அந்த ஆட்சேபங்களைப் பகிரங்கமாகவே மறுத்துப் பரிந்துரையை மீண்டும் அனுப்பியும் நியமனம் நடக்கவில்லை.

மிரட்டிப் பணம் பறிப்பது இந்த அச்சத்தின் மேல் கட்டப்பட்ட தொழில். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டமே, 377ஆவது பிரிவின் கீழ் குற்றம் சாட்டுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவருக்குக் கூடுதல் தண்டனை விதித்திருந்தது. அந்தப் பிரிவு எதற்குப் பயன்படும் என்பது எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது. இப்போது குற்றம் போய்விட்டாலும் கம்பெனிக்குச் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டல் மிச்சமிருக்கிறது. அப்படி மிரட்டிப் பணம் பறிப்பது புதிய சட்டத்தின் 308ஆவது பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை தரத்தக்க குற்றம். ஸ்டேஷனுக்குப் போகும் துணிவுதான் கேள்வி.

எந்த ஸ்டேஷன் என்பதும் வாளையாறில் ஒரு கேள்விதான். வேலை கேரளத்தில், அறை தமிழ்நாட்டில் என்று வாழ்பவர்கள் நாள்தோறும் இரண்டு காவல்துறைகளின், இரண்டு உயர் நீதிமன்றங்களின் எல்லைக்குள் வந்துபோகிறார்கள். 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த இடைக்கால உத்தரவின் தொடர்ச்சியாக, தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால் புதுமையரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 2022 பிப்ரவரியில் 24-சி என்ற விதி சேர்க்கப்பட்டது. அது தமிழ்நாட்டுக் காவலரை மட்டுமே கட்டும். சேர்ந்து வாழ விரும்பிய இரு பெண்களுக்குச் சாதகமாகக் கேரள உயர் நீதிமன்றம் 2022 மே மாதத்தில் உத்தரவிட்டது. வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஓர் ஆட்கொணர்வு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில், திருமணம் மட்டுமே குடும்பத்தை உண்டாக்கும் வழி என்பதில்லை, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்ற கருத்தும் ஏற்கத்தக்கதே என்றது. பெற்றோர் வந்து மகனை அறையிலிருந்து இழுத்துச் செல்லும்போது இத்தீர்ப்புகள் பயன்படும்; மாற்றல் உத்தரவுக்கு எதிராக இவை எதையும் செய்யா. எல்லை என்பது வெறும் பலகை என்று நினைத்திருந்தவர்களுக்கு 2020 மே மாதம் ஒரு பாடம். ஊரடங்கில் பாஸ் இல்லாதவர்கள் வாளையாறில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அந்தப் பக்கம் இருப்பவர் யார் என்று கேட்டால், ரூம்மேட் என்பதற்கு மேல் சொல்ல உறவுப்பெயர் இல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

கையில் இருக்கும் காகிதங்களில் சிலவற்றை இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது. பி.எஃப். நாமினேஷனில் ஒரு பொறி இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் திட்டப்படி ஆண் உறுப்பினரின் குடும்பம் என்பதில் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் அடங்குவர். இவர்களில் ஒருவர் இருந்தாலும் வெளியாளைக் குறித்த நாமினேஷன் செல்லாது. கிராச்சுவிட்டிக்கும் இதே முறைதான். பென்ஷன் இல்லாத அப்பா, மகனின் சம்பளத்தில் வாழ்கிறார் என்றால், காதலனின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதியும் பயனில்லை. வங்கிக் கணக்கில் இந்தத் தடை இல்லை. கூட்டுக் கணக்குத் தொடங்கவும் துணையை நாமினியாகக் காட்டவும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 28 அன்று தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக இருக்கலாம் என்பதால் அம்மாவின் பெயரோடு காதலனின் பெயரையும் சேர்க்க முடியும். இது யாருக்கும் உறுத்தாத வழி. உயிலை இரண்டு சாட்சிகளோடு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும், பதிவு கட்டாயமில்லை. சொந்தச் சம்பாத்தியத்தைப் பொதுவாக யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

நிறுவனங்கள் தரும் சலுகைகளைப் பற்றி உற்சாகமாக எழுதுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. டாடா ஸ்டீல் 2019இல் ஊழியர்கள் தம் தன்பாலினத் துணையை அறிவித்துச் சலுகைகள் பெறலாம் என்றது. ஆக்சிஸ் வங்கி 2021இல் பாலினம் பாராமல் துணையை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கலாம் என்றது. இவை மெய்யான முன்னேற்றங்கள். ஆலைத் தொழிலில் ஒரு பெரிய நிறுவனம் இதைச் செய்தது குறிப்பிடத்தக்கது. ஆனால் சலுகை பெற அறிவிக்க வேண்டும் என்பதே முதல் நிபந்தனை. கொச்சியிலோ பெங்களூரிலோ ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கும் கட்டடத்தில் ஹெச்.ஆர். போர்ட்டலில் ஒரு பெயரைப் பதிவது ஒன்று. இருநூறு பேர் வேலை பார்க்கும் ஆலையில், ஹெச்.ஆர். எக்சிகியூட்டிவ் சித்தப்பாவின் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கும்போது பதிவது வேறு. காப்பீட்டு அட்டையில் துணையின் பெயர் ஏறும் அன்று மாலையே அது கொழிஞ்சாம்பாறை டீக்கடைக்கு வந்துவிடும். எனவே கொள்கை அறிக்கையைவிட, அந்தத் தகவலை யார் யார் பார்க்க முடியும் என்பதை நிறுவனம் எழுத்தில் தருகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். பல நிறுவனங்கள் அதை எழுதுவதில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் இரு ஆண்கள் வேலையையும் காதலையும் எப்படித்தான் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள்? இந்தப் பகுதியில் நடைமுறைக்கு ஒத்துவருவது, ஒருவர் கம்பெனியை விட்டு அதே சாலையிலுள்ள வேறு கம்பெனிக்குப் போய்விடுவதே. மதுக்கரையிலிருந்து கஞ்சிக்கோடு வரை ஒரே திறமைக்கு வேலை தரும் ஆலைகள் பல இருப்பது இதற்கு வசதி. மேலதிகாரி, கீழ்வேலைக்காரர் என்ற சிக்கல் அறுந்துவிடும். ஒரே பைக்கில் ஒரே கேட்டுக்குள் நுழைவதைப் பார்த்துப் பேச ஆள் இருக்காது. ஒருவருக்கு மாற்றல் வந்தாலும் இன்னொருவர் அந்த ஊரில் தனியாக வேலை தேடிப் பின்தொடரலாம். இருவரின் பிழைப்பும் ஒரே முதலாளியின் கையில் இராது. இழப்பும் உண்டு: நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு நிறையும் முன் விலகினால் கிராச்சுவிட்டி கிடைக்காது. பி.எஃப். கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சீனியாரிட்டி மட்டும் போனது போனதுதான்.

யார் விலகுவது என்பதில்தான் பல ஜோடிகள் உடைகின்றன. வழக்கமாகச் சம்பளம் குறைந்தவர், வயதில் இளையவர், அல்லது ஒப்பந்தத்தில் இருப்பவர் விலகுகிறார். கணவனுக்கு மாற்றல் வந்தால் மனைவி வேலையை விடுவதைப்போல இதுவும் யாரும் பேசாமலே முடிவாகிவிடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. இரண்டாவது வேலை எளிதில் கிடைக்கக்கூடியவர் அனுபவமும் சான்றிதழும் ஆளறிமுகமும் உள்ள மூத்தவர்தான். ஐந்தாண்டைக் கடந்து கிராச்சுவிட்டியை வாங்கிக்கொண்டு போகக்கூடியவரும் அவரே. இளையவருக்கு அந்தக் கம்பெனியில் இருக்கும் ஒரே சொத்து அவருடைய வருகைப் பதிவேடு. அதை அவர் விட்டுக்கொடுத்துவிட்டு, அடுத்த கேட்டில் மீண்டும் டிரெய்னியாக, மீண்டும் ஆறு மாத புரொபேஷனில் நிற்க வேண்டியிருக்கும். மூத்தவருக்கு அடுத்த கேட்டில் இன்டர்வியூவே போதும்.